இங்கிலீஷ் வாத்தியாருக்கு எந்த ஊர் பாஸ்போர்ட்?

செமஸ்டர் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. படிக்கிற காலத்தில் ஒத்திப்போட்ட கோபமெல்லாம் இப்போது வரிசை கட்டி நிற்கிறது. அதில் முதலாவதை இன்றைக்கு இறக்கிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன இரண்டு பதிவு மாதிரி பரோட்டா, சினிமா என்று ஜாலியாக இருக்காது. நீளமும் அதிகம். டீ வாங்கி வைத்துக்கொண்டு படிக்கவும்.

எங்கள் டிபார்ட்மென்ட்டில் எனக்கு நான்கு வருடம் சீனியர் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். பிளஸ் டூ வரைக்கும் கிராமத்துப் பள்ளி, தமிழ் மீடியம். அப்புறம் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவர் பாடம் நடத்துவதை ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு. போர்டில் இரண்டே வாக்கியம் எழுதினார். 'அல்வா சாப்பிட்டேன்.' 'அல்வா சாப்பிட்டிருக்கேன்.' என்னடா வித்தியாசம் என்றார். ஒரு பையன் எழுந்து, "மொதல்ல சொன்னா 'எப்போ?'ன்னு கேப்பாங்க டீச்சர். ரெண்டாவது சொன்னா, 'ஓ, ருசி தெரியுமா'ன்னு விட்டுருவாங்க" என்றான். அவ்வளவுதான். ஐ ஏட், ஐ ஹேவ் ஈட்டன் இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தது. எனக்கு அந்த விஷயம் பி.ஏ. இரண்டாம் வருடத்தில்தான் புரிந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்துகொள்கிறேன்.

இந்த அக்காவுக்கு வெளிநாட்டில் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. பேராசை ஒன்றும் இல்லை. தங்கச்சி படிப்பு, வீட்டுக் கடன். நம் ஊர் தனியார் பள்ளிச் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கொரியா, சீனா, தாய்லாந்து, இன்டர்நேஷனல் ஸ்கூல், யுனிவர்சிட்டி லாங்வேஜ் சென்டர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டார். பாதிக்குப் பதிலே இல்லை. மீதிக்கு ஒரே வரி: நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் ஒன்லி.

அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் என் கண்ணில் பட்டது. "உங்கள் உச்சரிப்புதான் உங்கள் தடை. எட்டு வாரத்தில் நேட்டிவ் ஆக்சென்ட். வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கு வழிகாட்டுதல் இலவசம்." கட்டணம் 45,000 ரூபாய். அதை அக்காவுக்கு அனுப்பியது நான்தான். இந்தப் பதிவை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

அக்கா இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துச் சேர்ந்தார். எட்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்துப் பழகினார். சான்றிதழ் வந்தது. மறுபடி ஒரு கொரிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். ஆன்லைன் படிவம். முதல் கேள்வியே குடியுரிமை. இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

கவனியுங்கள். அவருடைய குரலை அந்த நாட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டு வாரம் பழகிய உச்சரிப்பை யாரும் நிராகரிக்கவில்லை. அது அங்கே போய்ச் சேரவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்லவருவது ஒன்றுதான். 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்பது மொழித் தகுதி இல்லை, பாஸ்போர்ட் தகுதி. அதை மொழித் தகுதி என்று நாம் நம்புவதால், இல்லாத நோய்க்கு நகையை அடகு வைத்து மருந்து வாங்குகிறோம்.

ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் பயிற்றுநருக்குக் கொடுக்கும் விசாவுக்கு ஈ-2 என்று பெயர். பொது விதிப்படி அது ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கடைசிப் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சுமார் 9.6 சதவீதம். சிங்கப்பூரில் 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகப் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 சதவீதம். பட்டியலில் இருப்பது தென்னாப்பிரிக்கா. இல்லாதது சிங்கப்பூர். ஜமைக்காவும் இல்லை, நைஜீரியாவும் இல்லை. இது எந்தக் கணக்கு என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

தென்னாப்பிரிக்கர்களைச் சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள் என்று பாருங்கள், அதுதான் சுவாரஸ்யம். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கும் எபிக் திட்டத்தில் தென்னாப்பிரிக்கர்களும், கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தவர்களும், தாங்கள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்றுக் கடிதம் கொடுக்க வேண்டும். அதாவது வீட்டில் என்ன மொழி பேசினாலும் பரவாயில்லை, பள்ளியில் ஆங்கிலத்தில் படித்திருந்தால் போதும். நல்ல விதி! அதே கடிதத்தை நம் ஊர் ஆங்கில மீடியம் பள்ளித் தலைமை ஆசிரியர் எழுதிக்கொடுத்தால் ஏன் செல்லாது?

கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போவோம். அங்கே 1987ல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் ஜமைக்கா, டிரினிடாட், சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாம் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராக இருந்திருக்கிறார்கள். ஃபுகுவோகாவில் சரியாக இருக்கும் ஜமைக்கா ஆங்கிலம், கப்பலில் சில மணி நேரம் போய் பூசானில் இறங்கியதும் கெட்டுப்போய்விடுமா? பால் பாக்கெட்டா அது?

சீனாவில் 2017ல் வெளிநாட்டவர் வேலை அனுமதிக்கு வந்த விதிகளும் இதே ரகம்தான். மொழி ஆசிரியர் கொள்கையளவில் தன் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும், பட்டமும் வாங்கியிருக்க வேண்டும். ஒருவர் தாய்மொழி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வேறு எப்படி, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது மூன்று வந்தன.

முதலாவது: "பிறந்ததிலிருந்து பேசுறவனுக்குத்தானே மாப்ள நல்லா சொல்லித்தர முடியும்?"

அப்படியா? நீ பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறாய். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது, சொல்லு பார்ப்போம். 'வந்து பார்த்தான்' என்பதில் ஏன் ஒற்று வரவில்லை, 'வரப் பார்த்தான்' என்பதில் ஏன் வந்தது? பேசத் தெரிந்தவனெல்லாம் வாத்தியார் என்றால் தமிழ்நாட்டில் ஏழு கோடித் தமிழய்யா இருக்க வேண்டும். நமக்கு விதி தெரியாது, ஏனென்றால் நாம் விதியைப் படித்துப் பேசவில்லை. டெக்சாஸ்காரருக்கும் அதே கதைதான். ஒரு மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் தடுக்கும் என்று தெரியும். அக்காவுக்கு அல்வா உதாரணம் எங்கிருந்து கிடைத்தது? அந்த இடத்தில் அவரும் ஒருநாள் விழுந்திருக்கிறார்.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 1961ல் உகாண்டாவின் மக்கெரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு நடந்தது. சிறந்த ஆங்கில ஆசிரியர் என்றால் அது நேட்டிவ் ஸ்பீக்கர்தான் என்பது உட்பட, அங்கே வேரூன்றிய ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் ஃபிலிப்சன் 1992ல் வந்த தன் 'லிங்விஸ்டிக் இம்பீரியலிசம்' நூலில் எடுத்துப்போட்டு, ஐந்தும் மூடநம்பிக்கை என்று வாதிட்டார். ஹங்கேரிக்காரர் பீட்டர் மெட்ஜஸ் 1994ல் நேட்டிவ் அல்லாத ஆசிரியர்களின் பலம் பலவீனம் இரண்டையும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா பிறகு அமெரிக்கா போய், இந்தத் துறையின் முக்கியமான ஆய்விதழான டீசோல் குவார்ட்டர்லிக்கு ஆசிரியராக இருந்தார். உலகத்து ஆங்கில ஆசிரியர்களில் ஐந்தில் நான்கு பேர் நேட்டிவ் அல்லாதவர்கள் என்பது 1999ல் அவர் சொன்ன மதிப்பீடு. இலங்கையிலிருந்து போன இன்னொருவர் ஜார்ஜ் பிரெய்ன். டீசோல் அமைப்புக்குள் நேட்டிவ் அல்லாத ஆசிரியர்களுக்கென்று 1998ல் உருவான குழுவின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். 2006ல் டீசோல் அமைப்பு நேட்டிவ் அல்லாதவர்கள் என்ற காரணத்துக்காக ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கையே விட்டது. துறையின் பெரிய அமைப்பே தப்பு என்று சொன்ன பிறகும் விளம்பரங்கள் மாறவில்லை என்றால், காரணம் கல்வி இல்லை.

இரண்டாவது எதிர்வாதம்: "உச்சரிப்புக்கு ஒரு மாதிரி வேணும்ல?"

வேண்டும். எந்த மாதிரி? கிளாஸ்கோவா, டெக்சாஸா, டப்ளினா, ஜோகன்னஸ்பர்க்கா? இந்த நான்கு ஊர்க்காரர்களையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்தால், ஒருவர் சொல்வதை இன்னொருவர் இரண்டு முறை கேட்பார். நான்கு பேருக்கும் விசா உண்டு. ஆக, தேடுவது ஒரே மாதிரி உச்சரிப்பையும் இல்லை. உச்சரிப்புதான் முக்கியம் என்றால் பத்து நிமிடம் போனில் பேசிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லட்டும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பேசவே விடாமல் படிவத்தை மூடுவது உச்சரிப்புத் தேர்வு இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்பதால் அதை எல்லோரும் கடைசியில் மெதுவாகச் சொல்வார்கள்: "பெற்றோர் அதைத்தான் கேக்குறாங்க. பிசினஸ்டா."

வாடிக்கையாளர் கேட்கிறார் என்பது ஒரு நியாயமா? நம் ஊரில் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைக்காரரும் இதைத்தான் சொன்னார். "எனக்கு ஒன்னும் இல்லீங்க, கடைக்கு வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க." அந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாசலில் வந்து சொன்னால் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? இரண்டும் ஒரே அளவுக் கொடுமை என்று சொல்லவில்லை. சொல்கிற சாக்கு ஒன்றுதான்.

கதவு எப்படித் திறக்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தியாவும் தென்கொரியாவும் 2009ல் ஒரு பொருளாதார ஒப்பந்தம் போட்டன. சீபா என்று பெயர். 2010 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதன்படி ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தகுதிச் சான்று வைத்திருக்கும் இந்தியப் பட்டதாரிகள் கொரியப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராக விண்ணப்பிக்க வழி வந்தது. 2009 டிசம்பர் 31 ராத்திரி நம் எல்லோருடைய உச்சரிப்பும் திருந்திவிட்டதா என்ன? இல்லை. இரண்டு அரசாங்கங்கள் மேஜையில் உட்கார்ந்து பேசின, ஒரு கையெழுத்து விழுந்தது, நம் ஆங்கிலம் திடீரென்று நல்ல ஆங்கிலம் ஆகிவிட்டது. இதைவிடத் தெளிவாக நான் சொல்லவரும் விஷயத்தை யாரும் நிரூபிக்க முடியாது.

அந்தக் கதவு குறுகல். தனியார் டியூஷன் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது, வெறும் எம்.ஏ.வுக்கும் பொருந்தாது. ஆனால் இருக்கிறது. அக்காவிடம் பி.எட். இருந்தது. 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 'வழிகாட்டுதல் இலவசம்' என்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் உச்சரிப்பு வகுப்புக்கு யார் வருவார்கள்? எங்கள் டிபார்ட்மென்ட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. சாசரிலிருந்து பெக்கெட் வரை எங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் படித்தவனுக்கு உலகத்தில் எங்கே என்ன வேலை என்பது எந்த யூனிட்டிலும் இல்லை.

இங்கே நம் பக்கத்துத் தப்பையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு அரைகுறை. எம்.ஏ.வில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு பேப்பர். அதிலும் ஒருநாள்கூட ஒரு வகுப்பின் முன்னால் நின்று நாங்கள் பாடம் நடத்தியதில்லை. கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் பாடம் நடத்தி மதிப்பெண் வாங்க வேண்டும். இரண்டு வருட எம்.ஏ.வில் எங்களுக்கு அந்த ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் சுவர் அநியாயம் என்று சத்தம் போடும்போது, சுவர் இல்லாத இடத்திலும் நுழைய நமக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பல்கலைக்கழக வேலைக்கு ஆய்வுக் கட்டுரை கேட்கிறான், இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஆசிரியர் தகுதிச் சான்றும் இரண்டு வருட அனுபவமும் கேட்கிறான். அது நியாயமான கேள்வி. அதற்கு நாம் பதில் தயார் செய்யலாம். எந்த ஊரில் பிறந்தாய் என்பதற்கு என்ன தயார் செய்ய முடியும்?

இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒருவன் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பான். அவன் செமினார் எடுக்க எழுந்தாலே பின்னால் சிரிப்பு. முதல் வருடம் நானும் சிரித்திருக்கிறேன். அவன் என்ன சொல்லவந்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. கொரியாக்காரன் நமக்குச் செய்வதை நாம் முன்பெஞ்சில் உட்கார்ந்து கடைசி பெஞ்சுக்குச் செய்கிறோம். 'கான்வென்ட் இங்கிலீஷ்' என்ற சொல்லே நம் ஊர் ஈ-2 விசாதான். அந்த 45,000 ரூபாய்க் கடை ஓடுவது வெளிநாட்டுக்காரன் விதியால் மட்டும் இல்லை. நம் இங்கிலீஷ் மட்டம் என்று நாமே நம்புகிற நம்பிக்கைதான் அதற்கு வாடகை கட்டுகிறது.

சரி, புலம்பி முடித்தாயிற்று. உருப்படியாகச் சில வார்த்தை.

பி.எட். இல்லாமல் பள்ளி வேலைக்குக் கனவு காணாதீர்கள். பல்கலைக்கழகம்தான் குறி என்றால் கற்பித்தலில் தனிப் பயிற்சி எடுங்கள். ஹைதராபாத்தில் 1958ல் தொடங்கி, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனம் ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்துகிறது. பாஸ்போர்ட் விதியும் கல்வி விதியும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். ஜப்பானில் பயிற்றுநர் விசாவுக்கு 12 வருடம் அந்த மொழிவழியில் படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். தமிழ் மீடியம் அக்காவுக்கு அதுவும் இடிக்கிறதுதான். ஆனால் அது குறைந்தபட்சம் நீ என்ன படித்தாய் என்று கேட்கிறது.

ஏஜெண்ட் வைத்துப் போகிறவர்கள் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

முக்கியமாக, 'நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் ஒன்லி' என்ற பதில் வந்தால் தலையைத் தொங்கப்போடாமல் ஒரு மெயில் அனுப்புங்கள். உங்கள் விதி குடியுரிமையைப் பற்றியதா, ஆங்கிலத் திறமையைப் பற்றியதா என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை கிடைக்காது. ஆனால் எது என்று அவர்கள் வாயால் சொல்லவேண்டி வரும். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அந்த வரியை விளம்பரத்தில் போடக் கொஞ்சமாவது கூச்சம் வரும்.

அக்கா இப்போது பி.எட். சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்க அலைந்துகொண்டிருக்கிறார். சீபா வழியில் ஒரு விண்ணப்பம் போடப் போகிறார். கிடைக்குமா தெரியாது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. விளம்பரத்தை அனுப்பிய பாவத்துக்கு வட்டியில் பாதியை நான் கட்டுகிறேன் என்று போன வாரம் சொன்னேன்.

"மொதல்ல நீ உன் அரியர் ஃபீஸைக் கட்டுடா" என்றார்.

பி.கு: முன்பெஞ்சில் சிரித்தவர்கள் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ. உச்சரிப்பு பார்க்கப்பட மாட்டாது :-)